அடுத்தவர் காசு கைக்கு வந்தால்: எடுத்த நிமிஷத்திலிருந்து ஒப்படைக்கும் வரை

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியக்காலை நாலரை மணிக்கெல்லாம் ஜீப்புகள் கிளம்பிவிடும். தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறி, கேரளப் பக்கத்து வண்டன்மேடு, ஆனக்கரா பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும். அப்படி ஒரு தோட்டத்தில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினேன். இப்போது குமுளியில் ஜெராக்ஸும் ரீசார்ஜுமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வேலையிலும் என் கையில் புரண்டதில் பெரும்பங்கு என் காசு இல்லை. தவறிக் கிடந்தது, தவறி வந்தது, நம்பிக் கொடுத்து வைத்தது என்று எல்லா வகையும் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி, இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்கிறேன். திருட வேண்டும் என்று நினைத்து அடுத்தவர் காசை வைத்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "நாளைக்குக் கொடுத்துடலாம்" என்று தன் பர்ஸிலேயே சொருகியவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். பர்ஸுக்குள் போன ஐநூறு ரூபாய் நோட்டுக்கு அடையாளம் கிடையாது. ராத்திரி காய்கறிக்குக் கொடுப்பது அதுதானா, உங்களுடையதா என்று உங்களுக்கே தெரியாது. மூன்றாம் நாள் அந்தக் காசு செலவாகியிருக்கும், நான்காம் நாள் நியாயம் சொல்ல மனசு தயாராகியிருக்கும். அதனால் கீழே வருகிற எல்லா யோசனைக்கும் அடி வேர் ஒன்றுதான்: கலக்காதீர்கள்.

முதல் ஐந்து நிமிஷம்

காசு கைக்கு வந்ததும் அதைத் தனியாக ஒரு கவரில் போடுங்கள். கவர் இல்லையா, ஒரு தாளில் மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். மேலே தேதி, நேரம், இடம், எத்தனை ரூபாய், எந்தெந்த நோட்டு எத்தனை என்று எழுதுங்கள். "1,850" என்று மொத்தத்தை மட்டும் எழுதினால் போதாது. ஐநூறு மூன்று, நூறு மூன்று, ஐம்பது ஒன்று என்று இருக்க வேண்டும். எழுதியதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். வீட்டுக்காரர், பக்கத்துக் கடைக்காரர், ஜீப் டிரைவர் யாராக இருந்தாலும் சரி. இது நாளைக்குச் சாட்சிக்கு ஆகும் என்பது ஒரு பக்கம். இன்னொருவருக்குத் தெரிந்த காசை நம் கை சும்மா எடுக்காது என்பதுதான் எனக்கு முக்கியம். ஊர் முழுக்கச் சொல்லவும் வேண்டாம். தொகையைப் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டால், பதினோராவது ஆள் அதே தொகையைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்.

ஜீப்பிலும் பஸ்ஸிலும் ரோட்டிலும் கிடந்த காசு

தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். வாரச் சம்பளம் கொடுத்த சனிக்கிழமை, ஜீப் பெண்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, பின் சீட்டுக்கு அடியில் ஒரு சுருக்குப்பை கிடந்ததாக டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். பச்சைத் துணி, வாய்க்கயிறு அழுக்கேறிக் கறுத்திருந்தது. உள்ளே காய்ந்த வெற்றிலை இரண்டு, பாக்குத் துண்டு, ரேஷன் கடை ரசீது ஒன்று, நோட்டுகள் 1,850 ரூபாய்க்கு. நோட்டுகளை நாலாக மடித்து, மடிப்புக்கு நடுவில் ஒரு கிராம்பு வைத்திருந்தது.

திங்கட்கிழமை விடியலில் ஜீப் கிளம்பும் இடத்திலேயே போய் நின்றேன். "ஒரு பை கிடைச்சிருக்கு, யாராச்சும் தொலைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டேன். என்ன பை என்றும் சொல்லவில்லை, எவ்வளவு என்றும் சொல்லவில்லை. ஒரு வயசான அம்மா முன்னால் வந்தார். "எவ்வளவும்மா இருந்துச்சு?" என்றேன். "ரெண்டாயிரம் தாயி" என்றார். நூற்றைம்பது இடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அந்தம்மாவை ஒரு மாதிரி பார்த்தார்கள், அவர் முகம் சுண்டிவிட்டது. எனக்கு அந்தக் கிராம்பு ஞாபகம் வந்தது. "நோட்டை எப்படிம்மா வைப்பீங்க?" என்றேன். "நாலா மடிச்சு நடுவுல ஒரு கெராம்பு வெப்பேன், எங்க அம்மா அப்படித்தான் வெப்பா" என்றார். பையைக் கையில் கொடுத்தேன். சம்பளம் வாங்கிய அன்றைக்கு மத்தியானமே பேரனுக்கு மாத்திரை வாங்க நூற்றைம்பது கொடுத்தனுப்பியது, ஜீப் பாதி மலை ஏறிய பிறகுதான் அவருக்கு ஞாபகத்துக்கு வந்ததாம். சாயங்காலம் இறங்கும்போது என்னிடம் வந்து அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இது. தொகையைச் சரியாகச் சொல்கிறவர்தான் உரிமையாளர் என்று நினைத்துவிடாதீர்கள். கூலி வேலை செய்து அலுத்துப் போனவர்கள் தொகையை மறப்பார்கள். பை என்ன நிறம், வாய் எப்படிக் கட்டியிருந்தது, பணத்தோடு வேறு என்ன இருந்தது, எங்கே உட்கார்ந்து வந்தார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது நாலு பேர் முன்னால் போலீஸ் மாதிரி கேட்காமல், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தம்மாவை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டது என் தப்பு. அந்த முகம் சுண்டியது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அரசு பஸ்ஸில் கிடைத்தால் கண்டக்டரிடம் கொடுங்கள். வண்டி நம்பர், தடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, எந்த டிப்போ வண்டி என்று கேட்டு வையுங்கள். குமுளியில் தமிழ்நாட்டு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் கூப்பிடு தூரத்தில் நிற்கும். தொலைத்தவர் எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்று தெரியாமல் அலைவார். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அவரை அனுப்ப வேண்டிய இடத்தை உங்களால் சரியாகச் சொல்ல முடியும்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரைக்கும் எங்கள் ஊர் வழியாக ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஆந்திரா, தெலுங்கானா வண்டிகள் அதில் நிறைய. டீக்கடை பெஞ்சில், கட்டணக் கழிப்பிட வாசலில் பர்ஸ் கிடக்கும். உள்ளே ஆதார் கார்டு இருந்தால் முகவரி தெரியும், போன் நம்பர் இருக்காது. அந்தக் கார்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள், நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஒருவருடைய ஆதார் நம்பரும் பிறந்த தேதியும் ஆயிரம் போனுக்குப் போவது பர்ஸ் தொலைந்ததைவிடப் பெரிய இழப்பாகிவிடலாம். பெயரும் ஊரும் மட்டும் எழுதி, "இவருடைய பர்ஸ் கிடைத்திருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று போட்டால் போதும். பர்ஸில் வங்கி கார்டு இருந்தால் அந்த வங்கிக் கிளைக்குப் போய்ச் சொல்லலாம். வாடிக்கையாளரின் நம்பரை அவர்கள் நமக்குத் தர மாட்டார்கள், நம் நம்பரை அவருக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

இதற்கு மேல் போலீஸ் ஸ்டேஷன். எந்தப் பக்கத்தில் கிடைத்ததோ அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் கொடுங்கள், தொலைத்தவர் அங்கேதான் முதலில் போய்ச் சொல்வார். எழுதிக் கொடுத்து, ரசீதோ நகலில் முத்திரையோ வாங்காமல் வராதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

"ரோட்டில் கிடந்ததை எடுத்தால் திருட்டா?" என்று கேட்பார்கள். எடுத்தது குற்றம் இல்லை. உரியவரிடம் சேர்க்க எடுத்து வைத்திருப்பதும் குற்றம் இல்லை. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும் தனதாக்கிக்கொண்டால் குற்றம். தேடிப் பார்க்காமல், நியாயமான காலம் காத்திருக்காமல் எடுத்துக்கொண்டாலும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 403 ஆக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 314 ஆகியிருக்கிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை சிறை, அதோடு அபராதம். நம்பி ஒப்படைத்த காசைக் கையாடினால் பிரிவு 316, ஐந்து வருஷம் வரை போகலாம்.

சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பெரிய ரோட்டில் யாருடையது என்றே தெரியாமல் கிடக்கும் ஒரு ரூபாயை ஒருவர் எடுக்கிறார், அது குற்றமில்லை. அடுத்த உதாரணம், ரோட்டில் கிடந்த ஒரு கடிதத்துக்குள் பணம் இருக்கிறது, கடிதத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது, அப்படியும் எடுத்துக்கொண்டால் குற்றம். சுருக்குப்பைக்குள் இருந்த ரேஷன் ரசீதும் அந்தக் கடிதம் மாதிரிதான்.

சன்மானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 168 படி, கண்டெடுத்த பொருளைப் பாதுகாக்கவும் உரியவரைத் தேடவும் பட்ட சிரமத்துக்கும் செலவுக்கும் ஈடு கிடைக்கும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கலாம், அதற்காக வழக்குப் போட முடியாது. உரியவர் முன்பே இன்ன தொகை தருகிறேன் என்று அறிவித்திருந்தால் அதை மட்டும் வழக்குப் போட்டும் கேட்கலாம். நான் பஸ் செலவு ஆகியிருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வேன், அதில் கூச்சமில்லை. அதற்கு மேல் கூலிக்காரர்களிடம் வாங்குவதில்லை.

போனில் தவறி வந்த பணம்

இப்போது என் கடைக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், ஆபத்தும் இதில்தான் அதிகம். முன்பின் தெரியாத ஆளிடமிருந்து யுபிஐ-யில் ஐயாயிரம் வருகிறது. பத்து நிமிஷத்தில் போன்: "சேட்டா, பைசா தெற்றிப் போயி, இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க." மனசாட்சி உள்ளவர்கள் உடனே அனுப்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில், பணம் உண்மையிலேயே வந்திருக்கிறதா பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம். யார் வேண்டுமானாலும் வங்கி அனுப்பியது போல ஒரு எஸ்எம்எஸ் அனுப்பலாம். வங்கிக் கணக்கின் இருப்பைப் பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் காசைத்தான் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவர் அனுப்பும் லிங்கைத் தொடாதீர்கள், யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடச் சொன்னால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு அந்த PIN நம்பர் ஒருபோதும் தேவையில்லை.

வந்திருந்தால், அது யாருடைய பணம் என்று உங்களுக்குத் தெரியாது. போன் செய்தவர்தான் அனுப்பினார் என்பதற்கு என்ன ஆதாரம்? வேறு யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கியதை உங்கள் கணக்கு வழியாக ஓட்டுகிறவராகவும் இருக்கலாம். 2023-இல் கேரளத்தில் சின்னச் சின்னக் கடைக்காரர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. மோசடிப் பணத்தின் ஒரு துளி யுபிஐ வழியாக அவர்கள் கணக்குக்கு வந்து சேர்ந்திருந்ததுதான் காரணம். சில நூறு ரூபாய்க்காக மொத்தக் கணக்கும் நின்றுபோன கதைகளை அப்போது எங்கள் பக்கம் எல்லாரும் கேட்டோம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அந்தத் தொகையைத் தொடாதீர்கள். யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் செய்தவரிடம், "உங்க பேங்க்லயும் ஆப்லயும் புகார் கொடுங்க, என் பேங்க்ல கேட்டா நான் சம்மதம் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையான ஆள் கோபப்பட்டாலும் இதற்கு ஒத்துக்கொள்வார். பிறகு உங்கள் கிளைக்கே போய், இன்ன தேதியில் இன்ன தொகை என் கணக்கில் தவறி வந்திருக்கிறது, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பச் சம்மதிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வந்த வழியே திரும்ப வேண்டும், வேறொரு நம்பருக்குப் போகக் கூடாது. மிரட்டினாலோ சந்தேகமாக இருந்தாலோ 1930-க்குப் போன் செய்யுங்கள், இரண்டு மாநிலத்துக்கும் அதே நம்பர்தான்.

வங்கியே தவறிப் போட்டது, சம்பளம் இரண்டு முறை ஏறியது, ஏடிஎம் ஒரு நோட்டு கூடத் தள்ளியது எல்லாமும் இதே வழிதான். தவறிக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 72 சொல்கிறது. "வங்கியோட தப்புதானே" என்று செலவழித்துவிட்டால் பாக்கி உங்கள் தலையில்தான் நிற்கும்.

சில்லறை

நூறு கொடுத்ததை இருநூறு என்று நினைத்துக் கண்டக்டர் மிச்சம் கொடுத்துவிட்டால், அன்றைக்கு ராத்திரி டிப்போவில் கணக்கு ஒப்படைக்கும்போது அந்த நூறு அவர் கையிலிருந்து போகும். கடையில் வேலை பார்க்கும் பையனுக்கும் அப்படித்தான், முதலாளி அவன் சம்பளத்தில் பிடிப்பார். "கம்பெனிக்குத்தானே நஷ்டம்" என்று நாம் நினைக்கிற இடத்தில் பெரும்பாலும் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு ஆள் இருக்கிறார்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், நானும் அதில் ஒருத்தி. இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் கொடுப்பது, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பது, இதெல்லாம் நாம் வைத்துக்கொள்ளும் அடுத்தவர் காசுதான். கண்டக்டர்கள் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். என் கடையில் பாக்கி நோட்டு ஒன்று இருக்கிறது. வாடிக்கையாய் வருகிறவர்கள் பெயருக்கு நேரே இரண்டு, மூன்று, ஐந்து என்று இருக்கும். மாசம் முடிந்தால் நானே கூப்பிட்டுக் கொடுப்பேன்.

நம்பிக் கொடுத்து வைத்த காசு

இதை எழுத எனக்குக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுத வேண்டும். தோட்டத்துப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து சீட்டு போட்டோம், அந்தப் பக்கத்தில் குறி என்பார்கள். காசு என்னிடம்தான் இருக்கும். ஒரு வாரம் என் மகனுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. சீட்டுக் காசிலிருந்து மூவாயிரம் எடுத்தேன். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம், சீட்டு எடுக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமைதானே என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, அந்தச் சீட்டில் இருந்த ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். ஆண்டிபட்டி பக்கத்தில் அவள் அம்மா செத்துப்போனதாகத் தகவல். "நான் கட்டினதையாச்சும் குடு மதினி, கடைசி பஸ்ஸுக்குப் போயிடுறேன்" என்றாள். பெட்டியில் இருந்தது போதவில்லை. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில் கேட்டுத் திரட்டுவதற்குள் பஸ் போய்விட்டது. விடியக்காலை அனுப்பினோம். அவள் போய்ச் சேர்ந்தபோது தூக்கிவிட்டிருந்தார்கள்.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசு ஏன் குறைந்தது என்று நான் அவளிடம் சொன்னதே ஒரு மாசம் கழித்துத்தான்.

பொதுக் காசை வைத்திருப்பவர்களுக்கு அதிலிருந்து நான் சொல்கிற முறை இது. தனிப் பெட்டி, தனிச் சாவி, முடிந்தால் இரண்டு பேர் பெயரில் வங்கிக் கணக்கு. சாவி ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம். கைமாற்றாகக் கூட எடுக்கக் கூடாது. எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் எடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், உறுப்பினர் இரண்டு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்த இருபது பேரும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் காசைக் கொட்டி எண்ணிக் காட்டுங்கள். கோவில் வரி, கல்யாணத்தில் மொய் எழுதும் இடம், இழவு வீட்டு வசூல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

லாட்டரி எங்கள் எல்லையின் தனிச் சங்கதி. கேரள அரசு 1967-இல் லாட்டரியைத் தொடங்கியது, தமிழ்நாட்டில் 2003-இலிருந்து விற்கத் தடை. குமுளிக்கு வருகிறவர்கள் தங்களுக்கு ஒன்று, "எனக்கும் ஒண்ணு வாங்கி வை" என்றவருக்கு ஒன்று என்று வாங்குவார்கள். எந்த டிக்கெட் யாருடையது? குலுக்கலுக்கு முன்னாலேயே நம்பரைப் படமெடுத்து உரியவருக்கு அனுப்பிவிடுங்கள். குலுக்கல் முடிந்த பிறகு அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களே உங்களை நம்புவது கஷ்டம். 2021-இல் ஆலுவா பக்கத்தில் லாட்டரி விற்கும் ஒரு பெண்மணி, போனிலேயே "எடுத்து வை, காசு அப்புறம் தருகிறேன்" என்று ஒருவர் சொல்லி வைத்த 200 ரூபாய் டிக்கெட்டுக்கு ஆறு கோடி விழுந்த ராத்திரி, அதை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். டிக்கெட் அந்தப் பெண்மணி கையில், காசும் இன்னும் வரவில்லை. நம்பரைச் சொல்லிப் பேசிவிட்டோம், அப்போதே அது சொல்லி வைத்தவருடையதாகிவிட்டது என்பதுதான் அந்தப் பெண்மணியின் கணக்கு.

கொடுத்து வைத்தவர் இறந்துபோனால் காசு வாரிசுக்குச் சேர வேண்டும். இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். வங்கியில் பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம்கூட ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போகிறதே தவிர, வாரிசின் உரிமை போவதில்லை. 2023-இலிருந்து உத்கம் என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். என் கடைக்கு வரும் வயசானவர்களுக்கு இதை நானே தேடிக் கொடுக்கிறேன்.

யாரும் வரவில்லை என்றால்

எவ்வளவு நாள் காத்திருப்பது? சட்டம் நியாயமான காலம் என்கிறதே தவிர நாள் கணக்குச் சொல்லவில்லை. நான் சின்னத் தொகைக்கு ஒரு சித்திரை வரைக்கும் பார்க்கிறேன். மலையில் தங்கி வேலை செய்கிறவர்கள் பொங்கலுக்கோ, தேனி பக்கத்து வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கோ ஊருக்கு இறங்கிவிடுவார்கள். அப்போது கண்ணில் படுவார்கள். பெரிய தொகையை நான் கையில் வைத்துக்கொள்வதே இல்லை, மறுநாளே ஸ்டேஷனில் கொடுத்து ரசீதை நோட்டில் ஒட்டிவிடுவேன்.

கோவில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தொலைத்த ஆள் நாளைக்கு வந்தால் உண்டியலைத் திறந்து கொடுக்க முடியுமா? தேடாமல், காத்திருக்காமல் சாமிக்குப் போட்டது, அடுத்தவர் காசில் நாம் வைத்த காணிக்கை. தேடி, காத்திருந்து, நாள் கடந்த பிறகு என்றால், தொலைத்தவர் எப்படிப்பட்டவர் என்று தோன்றுகிறதோ அவரைப் போன்ற ஒருவருக்கே போய்ச் சேரட்டும். ஜீப்பில் கிடைத்தது ஜீப்பில் வருகிறவளின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போகலாம். கொடுக்கும்போதும், இது இன்ன இடத்தில் கிடைத்தது, உரியவர் வந்தால் என் கையிலிருந்து நான் கொடுத்துக்கொள்வேன் என்று நோட்டில் எழுதி வைப்பேன்.

இப்போது என் பெட்டியில் இரண்டு கவர் இருக்கின்றன. ஒன்றில் 640 ரூபாய், கம்பம் பஸ் ஏறும் இடத்தில் கிடந்தது, ஒரு மருந்துச் சீட்டின் கிழிந்த பாதி கூட இருக்கிறது. மருந்துக் கடைகளில் காட்டிக் கேட்டாயிற்று, இரண்டு கடைகள் பாக்கி. இன்னொன்றில் இருபது ரூபாய், ஜெராக்ஸ் எடுக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளை மிச்சம் வாங்காமல் ஓடிவிட்டது. அது சீருடையை வைத்துத் தெரியும், திங்கட்கிழமை அந்த வழியாகத்தான் வரும்.